பரீட்சை மண்டபம் பல்கலைக்கழகமான வரலாறு

உயர்தர வகுப்பிலே தமிழ்ப் பதிப்பு வரலாற்றைக் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரி என்று புத்தகத்தில் இருக்கிறது. அவர் அங்கே எத்தனை வருஷம் படித்தவர்?" என்று வினவினான். "ஒரு நாளும் படிக்கவில்லை, அக்காலத்தில் அங்கே எவரும் படிப்பிக்கவும் இல்லை" என்று விடை கூறினோம். வகுப்பு முழுவதும் நகைத்தது. நாம் பரிகாசம் செய்தோம் என்று பிள்ளைகள் எண்ணினர் போலும். விளக்கிக் கூறுதற்குள் மணி அடித்துவிட்டது. விழா மலர்க் குழுவினர் எம்மிடம் ஒரு கட்டுரை வேண்டியபொழுது, அன்று குறையாக நின்ற அப்பாடத்தையே ஈண்டு நிறைவு செய்வோமெனத் துணிந்தோம்.

தொடங்குமுன் ஒன்று கூறல் வேண்டும். நாம் பட்டதாரியல்லேம். ஆசிரிய கலாசாலையிலே பெற்ற பயிற்சித் தராதரப் பத்திரமே எம்மிடத்து உள்ளது. ஆதலின் இது பல்கலைக்கழகம் ஒன்றினை வாயிலுக்கு வெளியே நின்று நோக்கியவர் சொல்லும் வரலாறாகும். உள்ளே இருப்போர்க்குப் புலப்படாத சில, வெளியே நிற்போர்க்குப் புலப்படுதலும் உண்டு.

சென்னை நகரத்து மக்கள் தமக்கு உயர்தரக் கல்வி வேண்டுமென்று கேட்டது 1839ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டு நவம்பர் 11ஆந் தேதி, ஏறக்குறைய 70,000 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பமொன்று ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளிக்கப்பட்டது. அரசாங்க வழக்கறிஞர் தலைவராயிருந்த ஜோர்ஜ் நோர்ட்டன் அதற்கு முன்னின்றார். அரசன் மனமுவந்து அளித்த கொடையாகவன்றி, நகர மக்கள் கையெழுத்திட்டுக் கேட்ட உரிமையாக இப்பல்கலைக்கழகம் கருக்கொண்டது என்பதை மாணவர் நினைவிற் கொள்ளல் தகும். அடுத்த ஆண்டிலே நோர்ட்டனைத் தலைவராகக் கொண்டு ஒரு சபை அமைந்தது. 1841இல் உயர்தரப் பாடசாலையொன்று திறக்கப்பட்டது. அதுவே வளர்ந்து பின்னர் மாநிலக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. பல்கலைக்கழகமோ மேலும் பதினாறு ஆண்டுகள் காத்திருந்தது.

1854இல் சார்ள்ஸ் வுட் என்பார் இலண்டனிலிருந்து அனுப்பிய கல்வி அறிக்கை, இந்தியாவின் மூன்று பெருநகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் அமைய வழிவகுத்தது. 1857ஆம் ஆண்டு சனவரியிற் கல்கத்தாவும், யூலையிற் பம்பாயும், செப்டெம்பர் 5ஆந் தேதி சென்னையும் சட்டத்தினாலே பல்கலைக்கழகம் பெற்றன. வடக்கே சிப்பாய்க் கலகம் மூண்டு பீரங்கிகள் முழங்கிய அதே ஆண்டில் இச்சட்டங்கள் நிறைவேறியமை விந்தையே.

இம்மூன்றுக்கும் மாதிரியாக வைத்துக்கொள்ளப்பட்டது இலண்டன் சர்வகலாசாலை. 1836இல் அரசபட்டயம் பெற்ற அச்சர்வகலாசாலை தான் கற்பிக்கவில்லை. வெவ்வேறு கல்லூரிகள் கற்பித்த மாணவரைப் பரீட்சித்துப் பட்டம் வழங்கிற்று. சென்னையும் அவ்வாறே செய்தது. பேரவை ஒன்று, பதிவாளர் ஒருவர், வினாத்தாள், விடைத்தாள், பட்டப்பத்திரம் — இவையே பல்கலைக்கழகம். ஆசிரியர் இலர், வகுப்பறை இல்லை, நூல்நிலையமும் இல்லை. கற்பித்தற் சுமையைக் கல்லூரிகள் தாங்கின. தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தைப் பல்கலைக்கழகம் வைத்துக்கொண்டது. மாணவன் வினாவுக்கு நாம் கூறிய விடையின் பொருள் இதுவே.

ஆயின், தாமோதரம்பிள்ளை எங்கே கற்றார்? வட்டுக்கோட்டையிலே கற்றார். 1832இல் சிறுப்பிட்டியிற் பிறந்த அவர், அமெரிக்க மிசனரிமார் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியிலே ஆங்கிலம், கணிதம், தத்துவம், வானசாத்திரம் முதலியன பயின்று, கோப்பாயிலே சிலகாலம் ஆசிரியராயிருந்து, பின்பு சென்னைக்குச் சென்று 'தினவர்த்தமானி' பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். பல்கலைக்கழகம் தோன்றியவுடன் நடந்த முதற் பி. ஏ. பரீட்சையிலே தேறியவர் இருவர். ஒருவர் இவர், மற்றவர் இவருடைய ஆசிரியரும் கணித வல்லுநருமாகிய கறல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர், இருவரும் வட்டுக்கோட்டையின் மாணாக்கர். செமினரியோ 1855இலேயே மூடப்பட்டுவிட்டது. மூடிய கலாசாலையொன்றின் விளைச்சலைப் புதிய பல்கலைக்கழகம் தன் முதல் அறுவடையாகக் காட்டிற்று என்று நாம் சொல்லின் அது மிகையாகாது. பட்டத்தின் புகழ் பட்டம் அளித்தவர்க்கே சேருதலும், கற்பித்தவர் மறக்கப்படுதலும் அன்றே தொடங்கிவிட்டன. ஆசிரியத் தொழில் செய்வோர் இதனைக் கவனியாது விடுதல் இயலாது.

மெரீனாக் கடற்கரையை நோக்கி நிற்கும் பேரவை மண்டபத்தைச் சென்னை சென்று வந்தோர் கண்டிருப்பர். ரொபர்ட் சிசம் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த அமைப்பின்படி 1874இல் தொடங்கி 1879இல் நிறைவேறிய அம்மண்டபம், மூலைக்கொரு கோபுரமும் அவற்றின்மேற் கவிந்த குமிழ்முடியும் வண்ணக் கண்ணாடியுமாக, இந்திய மரபும் இசுலாமிய மரபும் மேனாட்டு மரபும் கலந்து நிற்பது. நாம் அதனைக் கண்டது ஒரே முறை, அதுவும் வெயில் கொளுத்திய ஒரு நண்பகலில். அழகிலே குறைவில்லை. எனினும் இருபத்திரண்டு ஆண்டு நிறைந்த பல்கலைக்கழகம் முதன்முதல் எழுப்பிய பெருங்கட்டடம் வகுப்பறையன்று, ஆய்வுகூடமன்று, பேரவை கூடுதற்கும் பட்டமளித்தற்கும் உரிய மண்டபமே என்ற எண்ணமும் உடனே எழுந்தது.

பரீட்சைப் பல்கலைக்கழகத்தின் ஆட்சி மிகப் பரந்தது. கஞ்சம் முதற் கன்னியாகுமரி வரை சென்னை மாகாணம் முழுவதும், மைசூர், திருவிதாங்கூர் முதலிய சுதேச சமத்தானங்களும் அதன் வினாத்தாளுக்கு விடை எழுதின. நன்மையும் விளைந்தது, மறுத்தற்கில்லை. ஊர்ப்புறத்துப் பிள்ளையொருவன் ஒரு தாளும் ஒரு பேனையும் கொண்டு நகரத்துப் பிரபுவின் மகனோடு ஒரே வினாவுக்கு விடை எழுதினான். அதுவரை அத்தகைய சமத்துவம் இந்நாடுகளில் இருந்ததில்லை. அதன் மறுபக்கமோ மனனமும் அச்சமும் ஆகும். தேறினோர் சிலர், தவறினோர் பலர். 'எஃப். ஏ. தவறியவர்' என்பதையே ஒரு பட்டம்போலப் பெயரோடு சேர்த்து எழுதியோர் அக்காலத்தில் இருந்தனர் என்பது வேடிக்கைக்காகக் கட்டிய கதையன்று.

அவ்வாறு தவறியோருள் ஒருவரே சீனிவாச இராமானுசன். கும்பகோணத்திலே கணிதமன்றி வேறொன்றையும் நோக்காது, பிற பாடங்களிலே தவறி, உபகாரச் சம்பளத்தை இழந்தார். பின்பு பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார், எஃப். ஏ. பரீட்சையில் மறுபடியும் தவறினார். 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்திலே எழுதுவினைஞராக அமர்ந்தார். அங்கிருந்து அவர் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் உலகறிந்தது. 1913இல், தான் இருமுறை தள்ளிய அதே மனிதருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் வழங்கிற்று. முதுகலைப் பட்டம் உடையார்க்கே அது உரியது என்ற விதி குறுக்கே நின்றது. விதியை ஒதுக்கிவைத்து ஆளை நோக்கினர். அடுத்த ஆண்டு, ஆண்டுக்கு 250 பவுண் அளித்து இங்கிலாந்துக்கும் அனுப்பினர். 1918இல் இராமானுசன் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

இந்த நிகழ்ச்சியை நாம் சற்றே நீட்டிச் சொல்லுதற்குக் காரணம் உண்டு. பரீட்சை மண்டபம் பல்கலைக்கழகமாக மாறியது எந்நாளிலே எனக் கேட்பின், சட்டங்களைக் காட்டுவார் 1904ஆம் ஆண்டையும் 1923ஆம் ஆண்டையும் காட்டுவர். 1904ஆம் ஆண்டுச் சட்டம் கற்பிக்க அனுமதித்தது; 1914, 1915ஆம் ஆண்டுகளில் இந்திய வரலாறு, ஒப்பியல் மொழிநூல், இந்தியப் பொருளியல் ஆகியவற்றுக்குப் பேராசிரியப் பதவிகள் ஏற்பட்டன; 1923ஆம் ஆண்டுச் சட்டம் கற்பித்தலையும் ஆராய்ச்சியையும் பல்கலைக்கழகத்தின் கடமையாகவே ஆக்கிற்று. இவையெல்லாம் உண்மை. எமக்கோ, தன் தீர்ப்புப் பிழையென்று ஒப்பி 75 ரூபாய் கொடுத்த அந்த நாளே பிறந்த நாளாகத் தோன்றுகின்றது.

ஆராய்ச்சிக்கு நூல்நிலையம் இன்றியமையாதது. 1907இல் தொடங்கிய பல்கலைக்கழக நூல்நிலையம் நெடுங்காலம் கன்னிமாரா நூல்நிலையத்தில் ஒண்டுக்குடியிருந்தது. 1924இல், மாநிலக் கல்லூரியிலே கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த சீ. இரா. அரங்கநாதன் அதன் நூலகரானார். வாசகர் வாராத அறையிலே தனித்திருத்தல் பொறாது கல்லூரிக்கே திரும்பிவிட எண்ணினாராம். இலண்டன் சென்று நூலகக்கலை பயின்ற பின்னர் மனம் மாறினார். அங்கே ஒரு பெருங்கடையில், துண்டுகளைப் பூட்டிப் பல உருவஞ் சமைக்கும் விளையாட்டுக் கருவியொன்றைக் கண்டபோது, நூல்களைப் பொருள்வாரியாகப் பகுத்தற்கும் அதுவே வழியென அவர் உள்ளத்திற் பட்டது. 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும், 1933இற் கோலன் பகுப்புமுறையையும் வெளியிட்டார். 1936இல் நூல்நிலையம் சேப்பாக்கத்தில் தன் சொந்தக் கட்டடத்திற் குடியேறிற்று.

இவரை யாழ்ப்பாணத்தார் மறத்தல் ஆகாது. 1954இல் அடிக்கல் நாட்டி 1959இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூல்நிலையத்துக்கு ஆலோசனை கூறியவருள் அவரும் ஒருவர். அந்நூல்நிலையம் 1981ஆம் ஆண்டு யூன் மாதம் பிறக்கும் வேளையிலே தீயிடப்பட்டு, ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பரானதை இம்மலரின் வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இனித் தமிழின் நிலைமைக்கு வருவோம். தமிழாசிரியர் எழுதும் கட்டுரையில் இது முன்னரே வந்திருக்க வேண்டும் என்பீர்கள். பல்கலைக்கழகத்திலும் அது பிந்தியே வந்தது. ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் வாயில்; வடமொழியும் இலத்தீனும் செம்மொழிகள்; தமிழ் 'நாட்டுமொழி'. 1902 அளவில், நாட்டுமொழிகளைப் பாடத்திட்டத்திலிருந்தே அகற்றிவிடும் யோசனை எழுந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த வி. கோ. சூரியநாராயண சாத்திரியார் என்னும் பரிதிமாற்கலைஞர், பூரணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து அதனை எதிர்த்து நின்றார். தமிழ் 'உயர்தனிச் செம்மொழி' என வாதித்தார். அடுத்த ஆண்டிலேயே தமது 33ஆம் வயதில் அவர் மறைந்தார். வித்துவான் பரீட்சையும் பட்டமும் பின்னர் ஏற்பட்டன. ஆயினும் ஒரே கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் பட்டதாரிக்கு ஒரு சம்பளம், தொல்காப்பியத்தைத் தலைகீழாய்ப் படித்த பண்டிதர்க்கு அதனிற் குறைந்த சம்பளம் என்ற வழக்கம் நெடுநாள் நீங்கவில்லை. அவ்வழக்கத்தின் சாயல் இலங்கையிலும் படிந்திருந்தது.

1927இற் கீழைத்தேய ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டபொழுதுதான் தமிழுக்கு உள்ளே ஓர் இருக்கை கிடைத்தது. எந்தப் பல்கலைக்கழகப் பரீட்சையும் எழுதாத மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையர்க்கு 1932இற் கௌரவ இலக்கிய கலாநிதிப் பட்டம் வழங்கப்பட்டது. பட்டத்தினால் அவர் பெருமை பெற்றாரோ, அவரால் அப்பட்டம் பெருமை பெற்றதோ, வாசகரே முடிவு செய்க. இதற்கு ஓராண்டு முன்னரே, புதிதாய்த் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பேராசிரியர் பதவியை அமைத்து, மட்டக்களப்பு மண்ணிற் பிறந்த விபுலானந்த அடிகளை அதில் அமர்த்தியிருந்தது. இளைய மகள் மூத்த தாயினும் முந்திவிட்டாள்.

ஆயினும் தாய் செய்த ஒரு பணிக்கு ஈடு வேறில்லை. அதுவே தமிழ்ப் பேரகராதி. யாழ்ப்பாணத்திலே நைற் பாதிரியார் தொடங்கிவைத்த சொற்றொகுப்பை வளர்த்து, வின்சுலோ பாதிரியார் 1862இற் சென்னையில் வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதி கிடைத்தற்கரியதாயிற்று. அதனைத் திருத்தி வெளியிடவேண்டும் என்ற முயற்சியே பேரகராதியாக விரிந்தது. 1913இற் சாந்தலர் பாதிரியார் பதிப்பாசிரியராக வேலை தொடங்கிற்று. 1924இல் முதற்பகுதி வெளிவந்தது. 1926இற் பொறுப்பேற்ற எஸ். வையாபுரிப்பிள்ளை 1936இல் ஆறாந் தொகுதியோடு அதனை நிறைவேற்றினார். 1939இல் அனுபந்தமும் வந்தது. ஆறு தொகுதிகளிலும் 1,04,000க்கு மேற்பட்ட சொற்கள். அனுபந்தத்தில் மேலும் 13,000க்கு மேல். சொல்லுக்குப் பொருளும், பொருளுக்கு இலக்கிய மேற்கோளும், வழங்கும் இடக் குறிப்பும் தருவது இதன் சிறப்பு. தமிழ்ச் சொற்கள் பலவற்றை வடமொழிவழி வந்தனவாகக் காட்டியது பிழையெனத் தேவநேயப் பாவாணர் கடுமையாகக் கண்டித்தார். அவர் கூறியவற்றுட் பல எமக்கும் உடன்பாடே. எனினும், ஒரு சொல்லிலே ஐயம் எழுந்தபொழுதெல்லாம் நாம் முதலிலே திறப்பது அப்பேரகராதியைத்தான். யாழ்ப்பாண வழக்கு எனக் குறித்த சொற்கள் அதில் எத்தனையெத்தனை! எங்கள் பாட்டிமார் வாயிலே கேட்டு, 'கொச்சை' என்று நாமே ஒதுக்கிய சொற்கள், சங்கச் செய்யுட் சொல்லுக்கு அடுத்த வரிசையிலே சமமாக அமர்ந்திருத்தலைக் காணும் பிள்ளைகளின் முகம் மலர்தலை நாம் வகுப்பிற் கண்டிருக்கின்றோம்.

விஞ்ஞானத் துறைகளின் வளர்ச்சியைச் சுருக்கியே சொல்லுகின்றோம். அது எம் புலமைக்கு அப்பாற்பட்டது. மகப்பேற்று வைத்திய நிபுணரான ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் 1942 தொடக்கம் 1969 வரை 27 ஆண்டுகள் உபவேந்தராக இருந்தார். அக்காலத்திலே கிண்டியிலும் சேப்பாக்கத்திலும் ஆய்வுகூடங்கள் பெருகின. 1952இற் பௌதிகப் பேராசிரியராக வந்த கோ. நா. இராமச்சந்திரன், அருகிலிருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்திற் பெற்ற பொருளைக்கொண்டு, எமது தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாசன் என்னும் புரதம் மூன்று புரி முறுக்கிய கயிறு போன்றதென 1954இற் காட்டினார். புரதங்களின் அமைப்பைச் சோதிக்க 1963இல் அவர் வகுத்த வரைபடம் அவர் பெயராலேயே உலகெங்கும் வழங்குகின்றது.

இனி, வளர்ச்சி என்பது பெருத்தல் மாத்திரமன்று. இப்பல்கலைக்கழகம் வளர்ந்தது பெரும்பாலும் பிரித்துக் கொடுத்தலினாலாகும். 1916இல் மைசூர், 1926இல் ஆந்திரம், 1929இல் அண்ணாமலை, 1937இல் திருவிதாங்கூர் என அதன் எல்லைக்குள் புதிய பல்கலைக்கழகங்கள் எழுந்தன. 1966இல் மதுரை பிரிந்தது. 1978இற் பொறியியற் கல்வி அண்ணா பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. மருத்துவமும் சட்டமும் பின்னர்த் தனித்தனிப் பல்கலைக்கழகங்களைப் பெற்றன. ஒரு காலத்தில் தென்னிந்தியா முழுவதையும் பரீட்சித்த நிலையம், சேப்பாக்கம், மெரீனா, கிண்டி, தரமணி, மதுரவாயல், சேத்துப்பட்டு ஆகிய வளாகங்களோடும் இணைந்த கல்லூரிகளோடும் நகரத்துப் பல்கலைக்கழகமாக அமைந்தது.

அண்மைக் காலத்து இன்னல்களையும் மறைத்தல் முறையன்று. 2023இல் உபவேந்தர் பதவி வெறுமையாகி, மாநில அரசுக்கும் ஆளுநர்க்கும் இடையிலான பிணக்கினால் நியமனம் தடைப்பட்டது. 2024இல் வருமான வரித் திணைக்களம் வங்கிக் கணக்குகளை முடக்கியமையாற் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுத்தலிலே இடர்ப்பாடு நேர்ந்தது. 70,000 பேர் கையொப்பமிட்டுப் பெற்ற ஒரு பொதுச்சொத்து, கொடுப்பார் கைசோர்ந்தால் எவ்வளவு விரைவில் தளரும் என்பதை அச்செய்திகளை வாசித்தபொழுது உணர்ந்தோம்.

எம் நாட்டிற் பல்கலைக்கழகம் 1942இலும், யாழ்ப்பாணத்திலே அதன் வளாகம் 1974இலும் தோன்றியபின், கடல் கடந்து சென்னை செல்ல வேண்டிய அவசியம் பெரிதுங் குறைந்தது. பேரகராதியின் தேவையோ குறையவில்லை. எமது கல்லூரி நூல்நிலையத்தில் அதன் ஆறு தொகுதிகளும் அனுபந்தமும் ஒருகாலத்தில் முழுமையாக இருந்தன. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின் மீண்டபொழுது நான்கு தொகுதிகளே எஞ்சின. மூன்றாந் தொகுதியும் ஐந்தாந் தொகுதியும் அனுபந்தமும் இல்லை. பிற்காலப் பதிப்பாயினும் ஆகுக. பழைய மாணவருள் எவரிடமேனும் அவை இருப்பின், அல்லது சென்னை செல்லும் எவர்க்கேனும் வாங்கிவர இயலுமாயின், நூல்நிலையப் பொறுப்பாசிரியரிடம் ஒப்படைக்குமாறு வேண்டுகின்றோம். அன்று வினவிய அம்மாணவன் இவ்வாண்டு உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றுகின்றான். அவனுக்குப் பின் வரும் வகுப்பிலும் வினவுவோர் இருப்பர்.